ஸ்பிளெண்டரில் எழுபது வளைவுகள்

வெள்ளி: திருச்சி – முசிறி – மோகனூர் – நாமக்கல்

மோட்டார் சைக்கிள் ஓட்ட இடது கால் எதற்கு என்று முன்பு யாராவது கேட்டிருந்தால், கியர் போட என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இப்போது கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். வண்டியில் ஏறும்போது மொத்த உடம்பும் இடது காலில் நிற்கிறது. வலது கால் சீட்டைத் தாண்டும் நேரத்தில் இடது முட்டி லேசாகத் திருகிக்கொள்கிறது. சைடு ஸ்டாண்டைத் தள்ளுவதும் மடக்குவதும் அதே கால். சிக்னலில் ஊன்றுவதும் அதுதான், ஏனென்றால் வலது கால் பின் பிரேக்கில் இருக்கிறது. மேட்டில் நிற்க நேர்ந்தால் இன்னும் மோசம்: பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். அதனால் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும் வேலை முழுக்க இடது முட்டிக்கு வந்துவிடும். ஓடும் வண்டிக்குக் கால் அவ்வளவாகத் தேவையில்லை. நிற்கும் வண்டிக்குத்தான் தேவை.

எனக்குப் போனது அந்த இடது முட்டிதான். போன கோடையில் ஷட்டில் ஆடும்போது குதித்து இறங்கினேன், பாதம் நின்ற இடத்தில் நின்றது, உடம்பு திரும்பிவிட்டது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும், ஏ.சி.எல். என்று எல்லோரும் சொல்கிற நாண் அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்தில், உள்பக்கத்தை ஒட்டிய இடத்திலிருந்து தசைநாண் எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு, அதன் வழியாகக் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். சாவித்துவார ஆபரேஷன் என்பதால் வெளியே தழும்பு சின்னதுதான். ஆனால் உள்ளே நடப்பது சின்ன வேலை இல்லை. வைத்த நாணுக்குள் ரத்த ஓட்டம் புதிதாகப் பிடிக்க வேண்டும். அது மிகவும் பலவீனமாக இருப்பது ஆபரேஷன் முடிந்த உடனே அல்ல. 6 வாரத்திலிருந்து 12 வாரம் வரை. அதாவது வலி குறைந்து, ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்று ஊருக்குச் சொல்லத் தொடங்கும் அதே சமயத்தில்.

பிசியோதெரபிஸ்ட் மேடம் கெட்டிக்காரர். வண்டி எடுக்கலாமா என்று கேட்டபோதெல்லாம் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். படியிலிருந்து ஒற்றைக்காலில் மெதுவாக இறங்கச் சொன்னார். "முட்டி உள்ளே போகுது சார்" என்பது அவருடைய தாரக மந்திரம். முட்டி உள்பக்கம் சாயாமல் இறங்க வந்த பிறகுதான், டாக்டரும் பார்த்துவிட்டு, சரி என்றார்கள். அப்போதும் மேடம் ஒரு நிபந்தனை வைத்தார்.

"வண்டி சாஞ்சா காலைக் கொடுத்துத் தாங்கப் பார்க்காதீங்க. விட்ருங்க. விழட்டும்."

வண்டி ஓட்டுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதைவிடக் கஷ்டமான பயிற்சி கிடையாது. சாய்கிற வண்டியைக் கால் கொடுத்துத் தூக்குவது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. கால் தானாகப் போய்விடும்.

அதனால் புல்லட் எனக்கில்லை என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. அது 195 கிலோ. வீட்டில் சும்மா கிடந்த ஸ்பிளெண்டர் 112 கிலோ. எடையைவிட எனக்கு உதவியது அதன் கியர். புல்லட்டில் முதல் கியருக்கு அழுத்த வேண்டும், மற்றதற்கெல்லாம் விரலால் தூக்க வேண்டும், இல்லையென்றால் குதிகாலால் பின்பக்கம் மிதிக்க வேண்டும். ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் முன்னால் அழுத்துவதுதான். குறைக்க வேண்டுமானால் குதிகால். இடது காலுக்குத் தூக்குகிற வேலையே இல்லை. இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் முட்டி ஆபரேஷனை நினைத்திருக்க மாட்டார்கள். செருப்புக் காலோடு ஓட்டுகிறவர்களை நினைத்திருப்பார்கள். எப்படியோ எனக்கு லாபம்.

கொல்லிமலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் தனியாக விடவில்லை. "தம்பி கூட வந்தா போங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். மச்சினன் உடனே ஒப்புக்கொண்டான், ஒரே ஒரு காரணத்துக்காக: என் புல்லட்டை அவன் ஓட்டலாம். ஆக, நான் ஸ்பிளெண்டரில், என் புல்லட்டில் அவன் எனக்குப் பின்னால். வழியெல்லாம் அந்த 'டக் டக்' சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய்.

நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, குணசீலம் வழியாக வடகரைச் சாலை. இடது பக்கம் காவிரி. முக்கொம்புக்கு மேலே இதை அகண்ட காவிரி என்பார்கள், பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்துவைத்திருப்பார்கள் என்பதால் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முசிறி பக்கம் கோரைப்பாய்க்கான கோரையை அறுத்துச் சாலையோரம் காயப்போட்டிருந்தார்கள். தொட்டியம் வரை வாழை, வாழை, வாழை.

சாலை சமதளம், வண்டி லேசு, வேகம் ஐம்பதுதான். முதலில் வலித்தது முட்டி இல்லை. தொடையின் உள்பக்கம்! முன்னால் ஒரு ஆடு குறுக்கே வந்து பிரேக் அடித்தபோது பழக்கத்தில் இரண்டு முட்டியாலும் டேங்கை இறுக்கினேன். சுரீர் என்று இழுத்தது. நாண் எடுத்த இடம் அதுதான். முட்டிக்கு மட்டும்தான் ஆபரேஷன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உதிரி பாகம் கழற்றிய இடத்தை மறந்துவிடுவோம்.

மடக்கியே வைத்திருந்தால் முட்டி விறைத்துவிடுகிறது. அதனால் அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தினேன். எங்கே நிறுத்துவது என்பதில்தான் முழு யோசனையும். முன்பெல்லாம் டீ நன்றாக இருக்கும் கடையாகப் பார்ப்பேன். இப்போது கடை வாசல் மட்டமாக இருக்கிறதா, ஜல்லி கிடக்கிறதா, முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பின்னால் தள்ளி எடுக்க முடியுமா என்று பார்க்கிறேன். டீ எப்படியிருந்தாலும் பரவாயில்லை. இப்படித் தேர்ந்தெடுத்த கடைகளில் டீ சுமாராகத்தான் இருந்தது.

காட்டுப்புத்தூர் வழியாக மோகனூர். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஊர்ந்தோம். முந்தலாம் என்று மச்சினன் ஹாரன் அடித்தான். ஊர்ந்துகொண்டே போவதில் எனக்கு அவசரமே இல்லை, நிற்காத வரைக்கும்.

நாமக்கல்லில் ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஓட்டலில் சாப்பிட்டோம். லாரிக்காரர்கள் கூட்டம். கூண்டு கட்டுவதிலிருந்து டயர் வரை இந்த ஊரே லாரியை வைத்துத்தான் நடக்கிறது. என் காலில் மாட்டியிருந்த கீல் வைத்த பட்டையைப் பார்த்துவிட்டு எதிர் மேஜை டிரைவர் கேட்டார்.

"முட்டியாண்ணே?"

"ஆமாங்க. ஆபரேஷன்."

"எனக்கும் இடது முட்டிதான். கிளட்ச் மிதிச்சே போச்சு. பழைய வண்டியில கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். இப்ப வர்ற வண்டி தேவலாம்."

அவருக்கு யாரும் பட்டை மாட்டிவிடவில்லை. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மேஜையைப் பிடித்து எழுந்து, ஒரு நிமிடம் நின்று, பிறகு நடந்தார். அந்த நிற்பது எதற்கு என்று இப்போது எனக்குத் தெரியும்.

சனி: நாமக்கல் – காரவள்ளி – செம்மேடு

காலையில் ஆஞ்சநேயரைப் பார்த்தோம். 18 அடி, மேலே கூரை கிடையாது, வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டே இருக்கிறார். எதிரே ஒற்றைப் பாறைமேல் கோட்டை. அதற்குப் படி ஏற வேண்டும் என்பதால் கீழேயிருந்து பார்த்ததோடு சரி.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. இரண்டு பக்கமும் மரவள்ளியும் பாக்கும். கொல்லிமலை தூரத்திலிருந்து பார்த்தால் மேலே மட்டமாக, சுவராக எழுந்து நிற்கும். சாலை எப்படி இதில் ஏறுகிறது என்று நினைக்கும்போதே காரவள்ளி வந்துவிடும், முதல் பலகையும் வந்துவிடும்: 1/70.

கொண்டை ஊசி வளைவு எழுபது. மற்ற மலைச் சாலைகளில் ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் ஓட்டிப் பார்க்க இடம் இருக்கும். இங்கே பல இடங்களில் ஒன்று முடிந்து வண்டி நிமிர்வதற்குள் அடுத்தது. ஏற்கனவே புல்லட்டில் பலமுறை ஏறிய சாலைதான். அப்போது வளைவுகளை நான் இடம், வலம் என்று பிரித்துப் பார்த்ததே இல்லை.

இப்போது பார்க்காமல் முடியவில்லை. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். வலது வளைவு அகலமானது, சாலையின் வெளிவட்டத்தில் நிதானமாகச் சுற்றி வரலாம். இடது வளைவு உள்வட்டம், குறுகலானது, ஏற்றமும் அங்கேதான் கடுமை. அதோடு சாலை உள்பக்கம் சரிந்திருக்கும். அங்கே நின்று இடது காலை ஊன்றினால், எதிர்பார்த்த இடத்தில் தரை இருக்காது, ஒரு சாண் கீழே இருக்கும். ஆள் கொஞ்சம் குள்ளம் என்றால் (நான் குள்ளம்தான்) கால் எட்டுவதற்குள் வண்டி சாய்ந்துவிடும்.

ஆகவே என் திட்டம் எளிமையானது: இடது வளைவில் நிற்கவே கூடாது. அதற்கு முன்பே கீழிறங்கும் வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஹாரன் கேட்க வேண்டும், வந்தால் வளைவுக்குக் கீழேயே நேரான பகுதியில் ஒதுங்கிவிட வேண்டும், போன பிறகு முதல் கியரில் ஒரே இழுப்பாகச் சுற்றிவிட வேண்டும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆனால் கொல்லிமலையில் பஸ் இறங்கும்போது வளைவின் முழு அகலமும் அதற்கு வேண்டும். அதில் யாருக்கும் கோபம் இல்லை, எல்லோரும் ஒதுங்குவார்கள்.

முதல் இருபது வளைவு வரை திட்டம் பிரமாதமாக நடந்தது. ஸ்பிளெண்டர் நூறு சிசிகூட நிறையாத வண்டி, இரண்டாவது கியரில் முனகும், முதலுக்கு வந்தால் கத்தும், ஆனால் விடாமல் ஏறும். குளிர்ந்த காற்று. மரங்களுக்கு நடுவே கீழே சமவெளி தெரியத் தொடங்கியது. முப்பதுக்குப் பக்கத்தில் ஒரு வலது வளைவில், நல்ல அகலமான இடத்தில் நிறுத்தி, காலை நீட்டி, முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "மாமா, நீங்க ஓட்டுறதைப் பார்த்தா எல்.எல்.ஆர். வாங்கின பொண்ணு ஸ்கூட்டி ஓட்டுற மாதிரி இருக்கு." எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்.எல்.ஆர். வாங்கியவர்கள்தான் விதிப்படி ஓட்டுவார்கள்.

நாற்பதுகளில் ஏதோ ஒன்று. இடது வளைவு. மேலே பஸ் ஹாரன் கேட்டது, ஒதுங்கினேன், பஸ் போனது. கிளம்பினேன். பஸ்ஸுக்குப் பின்னாலேயே வாழைத்தார் ஏற்றிய ஒரு பிக்கப் வந்துகொண்டிருந்ததை பஸ் மறைத்திருக்கிறது. வளைவின் வாயிலில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் நின்றோம். அவருக்கு நான்கு சக்கரம்.

வலது கால் பிரேக்கில். இடது கால் தரையைத் தேடிக் கீழே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. தரை கிடைத்தபோது காலுக்கடியில் பொடி ஜல்லி. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. தொடை இறுகியது எனக்கே தெரிந்தது. முட்டியைப் பூட்டி, இடுப்பைக் கொடுத்து ஒரு உந்து உந்தினால் நிமிர்ந்துவிடும், 112 கிலோதானே என்று கணக்கு ஓடியது. எத்தனையோ தடவை புல்லட்டையே அப்படித் தூக்கியிருக்கிறேன்.

விட்டுவிட்டேன்.

கையை எடுத்தேன், காலை இழுத்துக்கொண்டேன், இடது பக்கம் இருந்த மண்மேட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். ஸ்பிளெண்டர் லெக் கார்டின்மேல் விழுந்து, கிளட்ச் லிவர் நுனியால் தார் ரோட்டைத் தட்டிவிட்டுப் படுத்தது. எஞ்சின் தானாக நின்றது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

வலி இல்லை. முட்டியைத் தொட்டுப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் வெட்கம்! சாலை நடுவே வண்டியைப் போட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்க பிக்கப் டிரைவரும், தார்களுக்கு மேலே உட்கார்ந்து வந்த இரண்டு பெண்களும் இறங்கி ஓடி வந்தார்கள்.

"அடி பட்டுச்சா சாமி?"

"இல்லம்மா. நானேதான் விட்டேன்."

அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். குடித்திருக்கிறேனா என்று மோந்து பார்த்த மாதிரிதான் இருந்தது. டிரைவரும் மச்சினனும் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். நான் தூக்கப் போகவில்லை, அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது. லிவர் நுனி வளைந்திருந்தது, கண்ணாடி திரும்பியிருந்தது, லெக் கார்டில் பெயின்ட் போயிருந்தது. அவ்வளவுதான்.

மச்சினன் வளைவு முடியும் வரை ஸ்பிளெண்டரைத் தானே ஓட்டிக் கொண்டுபோய் மட்டமான இடத்தில் நிறுத்தித் தந்தான். நடந்து ஏறினேன். அடுத்த இடது வளைவில் கை கொஞ்சம் நடுங்கியது. அதற்கடுத்ததில் இல்லை. எழுபதாவது பலகையைப் பார்த்தபோது மச்சினன் போட்டோ எடுக்க நிறுத்தச் சொன்னான். அந்த இடம் சரிவாக இருந்தது. நிறுத்தவில்லை.

சோளக்காட்டில் அறை கேட்டோம், கிடைக்கவில்லை, செம்மேட்டில் கிடைத்தது. செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் நிற்கிறார். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தவர் என்று பாட்டில் புகழ்வார்கள். குதிரையில் ஏறுவதும் இடது பக்கத்திலிருந்துதான் என்பது என் நினைவுக்கு வந்தது. இதெல்லாம் இப்போது எனக்கு வந்திருக்கும் வியாதி.

ஞாயிறு: கொல்லிமலை

இரவு முட்டி லேசாக வீங்கியிருந்தது. இது மேடம் முன்கூட்டியே சொன்னதுதான். வீக்கம் இருந்தால் மறுநாள் அலையக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். ஆகவே இன்று பெரும்பாலும் சும்மா இருந்த நாள்.

அறப்பளீசுவரர் கோயில் வரை போனோம். சாலை காட்டுக்கும் வயலுக்கும் நடுவே வளைந்து போகிறது. வீட்டு வாசல்களில் மிளகு காய்கிறது, பச்சையும் கறுப்புமாக. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் வழி முழுக்க. கோயிலுக்குப் பக்கத்திலிருந்துதான் ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பல இடங்களில் செங்குத்து. முட்டிக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. என் கணக்கில் இது இன்னும் ஒரு வருடத்துக்குத் தேவையில்லாத காரியம்.

மச்சினன் மட்டும் போனான். நான் மேலே ஒரு கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். முட்டியில் பட்டையோடு ஒருவன் கொல்லிமலையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? முடவாட்டுக்கால் சூப் வரும்.

தெரியாதவர்களுக்கு: பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு வகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு நிறத்தில் ரோமம், பார்க்க ஆட்டுக்காலேதான். ரோமத்தைச் சுரண்டி, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மூட்டுவலிக்கு இதை வாங்கிப் போகிறார்கள். கடைக்கார அம்மா என்னைக் கேட்கவே இல்லை, டம்ளரை நீட்டிவிட்டார்.

"குடிங்க. மூணு நாள் குடிச்சா படி இறங்கலாம்."

"எனக்கு வாதம் இல்லம்மா. நாண் அறுந்து தைச்சிருக்காங்க."

"தைச்ச இடம் ஒட்ட வேணாமா? குடிங்க."

பதில் சொல்ல முடியவில்லை. எலும்புத் துளைக்குள் கோத்த நாணை மிளகு சூப் என்ன செய்யும் என்று எனக்கு நம்பிக்கை கிடையாது, யாராவது இதை நம்பி பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். ஆனால் சூப் அருமை. அந்தக் குளிருக்கும் அந்த மலை மிளகுக்கும் அதற்கு மேல் ஒரு காரணமும் தேவையில்லை. இரண்டாவது டம்ளர் நானாகக் கேட்டு வாங்கினேன். கிழங்கும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன், அம்மாவுக்கு. அவளுக்கு உண்மையிலேயே மூட்டுவலி, நம்பிக்கையும் உண்டு.

மச்சினன் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அருவி பிரமாதம், தண்ணீர் நன்றாக விழுகிறது, இவ்வளவு தூரம் வந்து நீங்கள் பார்க்காமல் போகிறீர்களே என்று ஆரம்பித்தவன், பெஞ்சில் உட்கார்ந்த பிறகு பேசவில்லை. எழுந்திருக்கும்போது "அம்மா" என்றான். அறைக்கு வந்ததும் கட்டிலில் விழுந்தவன் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அதனால்தான் ஏறும்போது மூச்சு வாங்குவதோடு போய்விடுகிறது, இறங்கியது மறுநாள் வலிக்கிறது என்று அவனுக்கு விளக்கினேன். இந்தப் பாடமெல்லாம் எனக்கு இப்போது தலைகீழ்ப் பாடம். அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

திங்கள்: முள்ளுக்குறிச்சி – தம்மம்பட்டி – துறையூர் – திருச்சி

இறங்கியது முள்ளுக்குறிச்சி வழியாக. இந்தப் பக்கம் வளைவு குறைவு, சாலையும் அகலம். கார்க்காரர்கள் பலரும் இப்போது இந்த வழியைத்தான் சொல்கிறார்கள். இறக்கத்தில் முட்டிக்கு வேலை குறைவு, எஞ்சினைக் கியரில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். வலித்ததெல்லாம் மணிக்கட்டு. வளைந்த கிளட்ச் லிவர் விரலுக்குச் சரியாக எட்டவில்லை, அதுவும் ஒரு காரணம்.

தம்மம்பட்டியில் மரச்சிற்பக் கடைகள் திறந்திருந்தன. பட்டறை ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம், வாகை மரத்தில் ஒரு பெரிய குதிரை பாதி செதுக்கி நின்றது. பெரியவர் ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உளி அடித்துக்கொண்டிருந்தார். சம்மணம் எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. சிற்பத்தைவிட அவர் முட்டியைத்தான் அதிகம் பார்த்தேன்.

உப்பிலியபுரம் தாண்டும்போது வலது பக்கம் மலை கூடவே வந்தது. மச்சினன் நேற்று பார்த்த அருவித் தண்ணீர், அய்யாறாக இந்தப் பக்கம் புளியஞ்சோலையில்தான் இறங்கி வருகிறது. போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "மாமா, அங்கே நடக்கணுமா?" என்றான். ஆற்றங்கரை வரை கொஞ்சம் நடக்க வேண்டும் என்றேன். வேண்டாம் என்று முடிவானது.

அவன் நிலைமை நேரம் ஆக ஆக மோசமாகிக்கொண்டிருந்தது. இரண்டு தொடையும் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு, புல்லட்டிலிருந்து இறங்கும்போது டேங்கின் மேல் படுத்து உருண்டுதான் இறங்கினான். துறையூரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது சொல்லிவிட்டான்.

"மாமா, இதுக்கு மேல என்னால புல்லட்டைத் தாங்க முடியாது. திருச்சி வரைக்கும் நேர் ரோடுதானே, நீங்க ஓட்டிக்கிறீங்களா?"

நான் இவ்வளவு நாளும் காத்திருந்த கேள்வி. பம்பில் தரை மட்டம், சிமென்ட் தளம். ஏறி உட்கார்ந்தேன். சீட், ஹேண்டில், டேங்க் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்த வண்டியை இடது காலால் உந்தி நிமிர்த்தினேன். நிமிர்ந்தது! ஸ்டார்ட் செய்யவில்லை. காற்றுப் பிடிக்கும் இடத்திலிருந்து பின்னால் தள்ளி எடுத்தால்தான் திரும்ப முடியும், அதனால் அப்படியே காலால் பின்னோக்கித் தள்ளினேன். ஓரடி போனது. இன்னொரு அடிக்கு இடது காலை அழுத்தி ஊன்றியபோது குனிந்து முட்டியைப் பார்த்தேன். உள்ளே போகுது சார்.

ஸ்டாண்டைப் போட்டு இறங்கிவிட்டேன். பம்பு பையன் சிரித்துக்கொண்டே வந்து புல்லட்டைத் தள்ளி நேராக நிறுத்தித் தந்தான். மச்சினனுக்கு ஒரு டீயும் வலி மாத்திரையும் வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் உட்காரவைத்து, புல்லட்டிலேயே ஏற்றினேன். நான் முன்னால் முப்பது, நாற்பதில் போனேன். அவன் பின்னால் வாயைத் திறக்காமல் வந்தான். துறையூரிலேயே ஒரு மெக்கானிக் கடையில் கிளட்ச் லிவரை மாற்றியாகிவிட்டது, பத்து நிமிட வேலை. லெக் கார்டு கீறல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் இறங்கியதும் ஐஸ் வைத்துக்கொண்டு, டேப்பால் இரண்டு முட்டியையும் அளந்தேன். இடது முட்டி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சனிக்கிழமை இரவைவிடக் குறைவு. மேடத்துக்கு போட்டோ அனுப்பினேன். வண்டி விழுந்ததையும் எழுதினேன். "விட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கட்டை விரல் ஒன்று அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் ஒற்றைக்காலில் குதிக்கும் பயிற்சி ஆரம்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அது இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே தூரம் வந்த பிறகுதான் புல்லட்டைப் பற்றிப் பேச்சு.

அதுவரைக்கும் புல்லட் மச்சினன் வீட்டில் நிற்கும். அவன்தான் கேட்டான். வாரம் ஒருமுறை ஓட்டிவைக்கிறேன், பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம் சொன்னான். அடுத்த பயணத்துக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், ஆனால் ஊரை அவன்தான் முடிவு செய்வானாம். படிக்கட்டு இருக்கக் கூடாதாம்.